ஸ்ருதி ஹாசன்: குரல் ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம்

2012-இல் '3' படம் வந்த சமயம் இந்தத் தளத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். படத்தைப் பற்றி நாலு பத்தி. அதில் ஸ்ருதி ஹாசனுக்கு ஒரே ஒரு வரி: மாடல், பாடகி, இசையமைப்பாளர், நடிகை, எல்லாத்திலும் கொஞ்சம், எதிலும் முழுசா இல்லை. எழுதின அன்னிக்கு அது ரொம்ப சாமர்த்தியமான வரியாத் தெரிந்தது. ரெண்டு மூணு பேர் பாராட்டவும் செய்தார்கள். அந்த வரியை வாபஸ் வாங்கத்தான் இந்தப் பதிவு. முழுசா இல்லை, முக்கால்வாசி.

காரணம் என் அக்கா மகள். ஏழு வயசு. போன் கையில் கிடைத்தால் 'ஃப்ரோசன் 2' படத்தின் தமிழ்ப் பதிப்பைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். எல்சா பாடுகிற இடம் வந்தால் சோறு, தண்ணி, ஸ்கூல் எதுவும் கிடையாது. நான் வேலை பார்ப்பது ஒரு பனியன் கம்பெனியில், மெர்ச்சண்டைசராக. குழந்தைகள் டீ-ஷர்ட் ஆர்டர் வரும்போது கார்ட்டூன் முகங்கள் பிரிண்டாகி மேஜைக்கு வரும். எல்சா முகத்தை நான் பார்க்காத சீசன் கிடையாது. கலர் சரியா, நீலம் அடித்துப் போயிருக்கா, துவைத்தால் வெடிக்குமா என்று பார்ப்பதோடு சரி. அந்த முகத்துக்குத் தமிழில் ஒரு குரல் இருக்கிறதென்று நான் யோசித்ததே இல்லை.

ஒரு ராத்திரி அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டை முழுசாகக் கேட்டேன். தாழ்ந்த சுருதியில், பயந்த மாதிரி ஆரம்பித்து, நடுவில் தயங்கி, கடைசியில் தொண்டையைத் திறந்து எறிகிற குரல். "யாருடா இது?" என்று தேடினால், ஸ்ருதி ஹாசன். அப்புறம்தான் பழைய வரி நினைவுக்கு வந்து உறுத்த ஆரம்பித்தது.

முதலில் கணக்கு

உறுத்தல் மட்டும் விமர்சனம் ஆகாது. அதனால் அவர் இதுவரை செய்த வேலைகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன்.

1986-இல் பிறந்தவர். 1992-இல் 'தேவர் மகன்' படத்தில் இளையராஜா இசையில் பாடியபோது வயசு ஆறு. 2000-இல் 'ஹே ராம்' படத்தில் சின்ன வேடம், கூடவே பாட்டு. மும்பையில் உளவியல் படிப்பு, பிறகு கலிபோர்னியாவில் மியூசிஷியன்ஸ் இன்ஸ்டிட்யூட்டில் இசை. திரும்பி வந்து தி எக்ஸ்ட்ராமென்டல்ஸ் என்று ஒரு ராக் குழு. 2008-இல் 'வாரணம் ஆயிரம்' படத்தில் ஹாரிஸ் ஜெயராஜ் இசையில் 'அடியே கொல்லுதே' பாட்டில் பென்னி தயாள், க்ரிஷ் குரல்களோடு இவர் குரல். திரையில் வந்தது சமீரா ரெட்டி.

2009-ஐத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஜூலையில் 'லக்' என்ற இந்திப் படத்தில் கதாநாயகியாக அறிமுகம். செப்டம்பரில் 'உன்னைப்போல் ஒருவன்', அதில் இசையமைப்பாளர். ரெண்டு மாச இடைவெளியில் ரெண்டு கதவு திறந்தது. வயசு 23.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். 2011-இல் '7ஆம் அறிவு', 2012-இல் '3', அதே வருசம் தெலுங்கில் 'கப்பர் சிங்'. பெரிய வெற்றி. 2014-இல் நம்ம பக்கத்துக் கோவையைக் கதைக்களமாக வைத்து ஹரி எடுத்த 'பூஜை'. 2015-இல் 'புலி', 'வேதாளம்'. 2019-இல் 'ட்ரெட்ஸ்டோன்' என்ற அமெரிக்கத் தொடரில் ஒரு வேடம், அதே வருசக் கடைசியில் எல்சா. 2020-இல் 'எட்ஜ்' என்ற சொந்த ஆங்கிலப் பாட்டு. 2023-இல் 'சலார்', 2024-இல் 'இனிமேல்', 2025-இல் 'கூலி'. இதுக்கு நடுவே விளம்பரங்கள், பத்திரிகை அட்டைகள், ஃபேஷன் மேடைகள்.

இப்படி எழுதினதும் ஒரு விசயம் தெரிந்தது. திறந்த ரெண்டு கதவில் ஒன்று மட்டும்தான் அகலமாகிக்கொண்டே போயிருக்கிறது. இன்னொன்று ஒருக்களித்த மாதிரியே நிற்கிறது. 'எதிலும் முழுசா இல்லை' என்று நான் எழுதினது அவருடைய குறை மாதிரி. கேட்க வேண்டிய கேள்வி வேற: நடிகைக்கு வருசா வருசம் வேலை கொடுத்த சினிமா, பாடகிக்கும் இசையமைப்பாளருக்கும் என்ன வேலை கொடுத்தது?

ஜப்பானில் ஒரு பொண்ணு

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இருந்தபோது ஒப்பிட ஒரு ஆள் கிடைத்தார். அன்னா சுச்சியா. 1984-இல் பிறந்தவர், ஸ்ருதியைவிட ரெண்டு வயசு மூத்தவர். பள்ளிப் பருவத்திலேயே மாடல். அப்புறம் ஸ்பின் அக்வா என்ற ராக் குழுவில் பாடகி. 2004-இல் 'ஷிமோட்சுமா மோனோகதாரி' என்ற படத்தில் நடிகை. அட்டவணை போட்டால் நம்ம ஆள் மாதிரியேதான் இருக்கும்.

அந்தப் படத்தைத் திருப்பூர்க்காரர்கள் ஒரு தடவை பார்க்கணும். ஷிமோட்சுமா ஒரு கிராமப்புற ஊர். ஜரிகை, ரிப்பன், ஃப்ரில் வைத்த பொம்மை உடுப்பு மட்டுமே போடுகிற ஒரு பெண். அவள் அப்பா போலி வெர்சாச்சி துணி விற்றவர். அந்தப் போலித் துணியை வாங்க ஸ்கூட்டரில் வருகிற முரட்டுப் பெண்தான் அன்னா சுச்சியா. ரெண்டு பேரையும் சேர்த்து வைப்பது எம்ப்ராய்டரி. அந்த முரட்டுப் பெண்ணின் நீளக் கோட்டில் இவள் கையால் எழுத்துப் பின்னித் தருகிறாள். காதர்பேட்டையில் லேபிள் வெட்டின எக்ஸ்போர்ட் மிச்சத்தைப் பேரம் பேசி வாங்கிப் பழகின நமக்கு, இந்தக் கதையில் எதையும் விளக்கத் தேவையில்லை.

விசயம் இதுக்கு அப்புறம். 2006-இல் 'நானா' என்று ஒரு அனிமே தொடர் வந்தது. தமிழில் எழுதினால் 'நானா?' என்று கேட்கிற மாதிரி இருக்கும், அது ஒரு பெயர். ஒரே பெயருள்ள ரெண்டு பெண்கள் கதை. அதில் ஒரு நானா, பிளாக் ஸ்டோன்ஸ் என்ற பங்க் குழுவின் பாடகி. அந்தப் படம் வரைந்த பெண் பேசுகிற குரல் ரோமி பார்க் என்ற குரல் நடிகையுடையது. பாடுகிற குரல் அன்னா சுச்சியா. அதாவது, நம்ம ஊர் வார்த்தையில் பின்னணிப் பாடகி.

ஆனால் அந்தப் பாட்டுகள் கடைக்கு வந்தபோது அட்டையில் அவர் பேர் இருந்தது. கதாபாத்திரத்தின் பேரும் குழுவின் பேரும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தன. தொடரின் தொடக்கப் பாட்டே அவருடையது. ஜப்பானில் இதற்கு டை-அப் என்று சொல்வார்கள். தொடருக்கு வாரா வாரம் ஒன்றரை நிமிசத் தொடக்கப் பாட்டு வேணும், பாடகருக்குத் தன் பாட்டு வாரா வாரம் ஒலிக்கணும். தொலைக்காட்சியில் ஒன்றரை நிமிசம், இசைத்தட்டில் முழுப் பாட்டு. அதுவும் ஒரு வியாபாரம்தான், புனிதமெல்லாம் ஒண்ணும் இல்லை. ஆனால் அந்த வியாபாரத்தில் பாடகருடைய ராக் குரலை யாரும் குறைக்கச் சொல்லவில்லை. கதாபாத்திரத்துக்கே அந்தக் குரல்தான் தேவை. மாடலாக வந்த முகம் திரையில் இல்லாமலேயே குரல் தன் பேரில் நின்றது.

கொடுமுடிக்காரம்மா

இதைப் படித்துவிட்டு ஜப்பானைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். குரலை முன்னால் வைத்துப் பெண்ணைத் திரைக்குக் கொண்டு வந்த பழக்கம் நம்மிடமும் இருந்தது, அதுவும் நம்ம மண்ணிலேயே.

கே.பி. சுந்தராம்பாள் கொடுமுடிக்காரர். இங்கிருந்து ஈரோடு போய் வண்டி மாறினால் வந்துவிடும் ஊர். ரயிலில் பாடிய சிறுமி என்றுதான் அவர் கதையை ஆரம்பிப்பார்கள். நாடகத்துக்குப் போனார், எஸ்.ஜி. கிட்டப்பாவோடு பாடி நடித்தார். 1935-இல் 'பக்த நந்தனார்' படத்துக்கு அவருக்குப் பேசிய சம்பளம் ஒரு லட்ச ரூபாய். வேடம் என்ன? நந்தனார். ஆண் வேடம். முகப் பொருத்தம், வயசுப் பொருத்தம், ஜோடிப் பொருத்தம் எதையும் யாரும் பார்க்கவில்லை. அந்தக் குரல் வேணும், குரல் எந்த உடம்பில் இருக்கோ அந்த உடம்புக்கு வேடத்தைக் கட்டினார்கள். 1953-இல் 'ஔவையார்', 1965-இல் 'திருவிளையாடல்' வரைக்கும் அவர் திரையில் வந்ததன் காரணம் பாட்டு.

பின்னணிப் பாட்டு வந்ததும் இந்தக் கட்டாயம் போச்சு. நல்ல முகத்தைத் தனியாக எடுக்கலாம், நல்ல குரலைத் தனியாக எடுக்கலாம், எடிட்டிங்கில் ஒட்டலாம். அதனால் நமக்குப் பி. சுசீலாவும் எஸ். ஜானகியும் கிடைத்தார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பாடவும் தெரிந்த நடிகை ஒருத்தி வந்தால் அவளை என்ன செய்வதென்று தமிழ் சினிமாவுக்குத் தெரியாமல் போனதும் அப்போதிருந்துதான்.

அரக்கோணத்திலிருந்து வந்த ஆண்ட்ரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2005-இல் 'அந்நியன்' படத்தில் பாடகியாகத் தெரிய வந்தவர். 2011-இல் 'ஆடுகளம்' படத்தில் டாப்சியின் வாயசைப்புக்குப் பேசிய குரல் அவருடையது. நடிப்பில் அவருக்குக் கிடைத்த கனமான வேடங்களில் ஒன்று 2018-இல் 'வட சென்னை' சந்திரா. அந்த வேடத்தில் அவருக்குப் பாடத் தெரியும் என்பதற்கு எந்த வேலையும் இல்லை. ஒரு இடத்தில் குரல், இன்னொரு இடத்தில் முகம்.

டூயட்டின் அளவு

இப்போது ஸ்ருதி நடித்துத் தானே பாடிய பாட்டுகளுக்கு வருவோம். '3' படத்தில் அனிருத் இசையில் 'கண்ணழகா'. தனுஷும் இவரும் பாடியது. நல்ல பாட்டு, இன்னிக்கும் எங்க செக்கிங் டேபிளில் எஃப்.எம்.மில் வந்தால் யாராவது ஒருத்தர் கூடப் பாடுவார்கள். கவனித்துக் கேளுங்கள். அவர் குரலின் கீழ்ப்பகுதி, அந்த லேசான கரகரப்பு, அங்கே இருக்கு. ஆனால் பாட்டு முழுக்க அவரிடம் கேட்பது கொஞ்சல் மட்டும். குரல் ஒரு கோட்டுக்கு மேல் எழ அனுமதியில்லை.

'7ஆம் அறிவு' படத்தின் 'எல்லே லாமா' பாட்டில் விஜய் பிரகாஷ், கார்த்திக், ஷாலினி குரல்களுக்கு நடுவில் அவருக்கு ஒரு பங்கு. 'புலி' படத்தில் விஜய்யோடு பாடிய 'ஏண்டி ஏண்டி', ஹீரோ பாடுகிறார் என்பதற்காகவே கேட்கப்பட்ட பாட்டு. 'மான் கராத்தே' படத்தில் அனிருத்தோடு பாடினார், அங்கே திரையில் ஹன்சிகா. எல்லாவற்றிலும் அவர் பாதி. சிலதில் காலே அரைக்கால்.

வேடங்களையும் பக்கத்தில் வையுங்கள். '7ஆம் அறிவு' படத்தில் மரபணு ஆராய்ச்சி செய்கிற மாணவி. 'வேதாளம்' படத்தில் வக்கீல். '3' படத்தில் காதலி, மனைவி, அப்புறம் துக்கத்தில் இருக்கிற பெண். 'பூஜை' படத்தில் வசதியான வீட்டுப் பெண். மேடையில் ராக் பாடுகிற ஆள் கையில் இருக்கும்போது, இதில் ஒருத்தர்கூட அவரைப் பாடகியாக யோசிக்கவில்லை.

ஆம்பளைகளுக்கு இந்தக் கணக்கு வேற. விஜய் ஆண்டனி 2012-இல் 'நான்' படத்தில் ஹீரோ ஆனார். ஜி.வி. பிரகாஷ் 2015-இல் 'டார்லிங்'. கோவைக்காரரான ஹிப்ஹாப் ஆதி 2017-இல் 'மீசைய முறுக்கு' படத்தைத் தானே எழுதி, இயக்கி, இசையமைத்து, நடித்தார். கதையே ஒரு காலேஜ் பையன் பாட்டுக்காரனாக ஆவதுதான். நம்ம பக்கத்துப் பசங்க கூட்டமாகப் போய்ப் பார்த்த படம். நானும் போனேன், சந்தோசமாகத்தான் வந்தேன். அந்த மூணு பேரையும் யாரும் 'எதிலும் முழுசா இல்லை' என்று எழுதவில்லை. நானும் எழுதவில்லை. 'ஆல்ரவுண்டர்' என்றுதான் எழுதினேன். பழைய பதிவு இன்னும் இங்கேயே இருக்கு, தேடிப் பார்த்துத் திட்டலாம்.

எங்க தொழிலிலும் இது உண்டு. ஓவர்லாக், பேட்லாக் ரெண்டும் ஓட்டத் தெரிந்த ஆம்பளை டெய்லருக்குப் பவர்டேபிளில் கிராக்கி. அதே ரெண்டு மிஷினும் ஓட்டுகிற பொம்பளையை, ஆள் வராத இடத்தில் மாற்றி மாற்றி உட்கார வைப்பார்கள். கேட்டால் "அந்தக்கா எதையும் பார்த்துக்கும்" என்பார்கள். பாராட்டு மாதிரி இருக்கும், கூலி ஏறாது. கைமடியாகச் சேர்ந்தவரைப் பத்து வருசம் கழித்தும் கைமடியாகவே கூப்பிடுவார்கள். இதை வாரா வாரம் கண்ணால் பார்க்கிற நான் அந்த வரியை எழுதினேன் என்பதுதான் எனக்கு வெட்கமாக இருக்கு.

எல்சாவின் அளவுச் சீட்டு

'ஃப்ரோசன் 2' இந்தியாவுக்கு 2019 நவம்பரில் வந்தது. இந்தியில் பிரியங்கா சோப்ராவும் பரினீதி சோப்ராவும், தெலுங்கில் எல்சாவுக்கு நித்யா மேனன். தமிழில் எல்சா ஸ்ருதி, தங்கை ஆன்னாவுக்கு டிடி என்கிற திவ்யதர்ஷினி, பனிப் பொம்மை ஓலாஃபுக்கு சத்யன். தமிழ் வசனம், பாட்டு ரெண்டும் பாடலாசிரியர் விவேக். ஸ்ருதி பேசுவதோடு பாடவும் செய்தார். பேசும் குரலும் பாடும் குரலும் ஒருவருடையதே. இந்தத் தமிழ் எல்சாவுக்கு, படம் வரைந்த பெண்ணாக இருந்தாலும், கே.பி.எஸ். காலத்து இலக்கணம்.

டப்பிங் பாட்டு எவ்வளவு இறுக்கமான வேலை என்று நினைத்துப் பாருங்கள். மெட்டு மாறக் கூடாது. அசை எண்ணிக்கை ஒத்து வரணும். திரையில் உதடு மூடுகிற இடத்தில் ப, ம மாதிரி எழுத்து வந்தால் நல்லது. உச்ச ஸ்தாயியில் இழுக்கிற இடத்தில் வாய் திறந்திருக்கும், அங்கே 'இ' வந்தால் பாடகிக்கும் கஷ்டம், பார்க்கவும் ஒட்டாது. ஆகாரம் வேணும். காதில் ஆங்கிலத்தில் பாடிய இடினா மென்சல் குரல் ஓடிக்கொண்டிருக்கும். அவர் மூச்சு எடுத்த இடத்தில்தான் இவரும் மூச்சு எடுக்க முடியும். எங்க பாஷையில் சொன்னால் இது சுத்தமான ஜாப் ஒர்க். பையர் அனுப்பின அளவுச் சீட்டு, கால் இஞ்ச் கூடினாலும் ரிஜெக்ட்.

ஆச்சரியம் என்னவென்றால், அந்த இறுக்கத்துக்குள்தான் அவர் குரல் தமிழில் இவ்வளவு தாராளமாக நடமாடுகிறது. 'இன்டு த அன்நோன்' பாட்டின் தமிழ் வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்தில் ஒரு குரல் கூப்பிடுகிறது. போகலாமா வேண்டாமா என்று ஒரு பெண் தன்னோடு சண்டை போடுகிறாள். முதலில் பேச்சு மாதிரிக் கீழே பாட வேண்டியிருக்கு. அங்கே அவருடைய கரகரப்பு பயத்தைக் கொண்டு வருகிறது. கடைசியில் மேலே தூக்கும்போது குரல் கொஞ்சம் உரசுகிறது. கர்நாடக சங்கீதக் காது இருக்கிறவர்களுக்கு அந்த உரசல் பிடிக்காமல் போகலாம். ராக் கேட்டவர்களுக்குத் தெரியும், பாட்டே அந்த உரசலில்தான் இருக்கு. இனிப்புத் தடவிய குரல் பாடியிருந்தால் எல்சா ஒரு ராஜகுமாரியாக மட்டும் நின்றிருப்பாள். இந்தக் குரலில் அவள் பிடிவாதக்காரி.

எப்படி இது நடந்தது? காரணம் எளிது. எல்சாவுக்கு ஜோடி கிடையாது. கொஞ்ச வேண்டியதில்லை, ஹீரோவுக்கு இடம் விட வேண்டியதில்லை. ஒரு பெண் தான் யார் என்று கேட்டுக்கொண்டு பனியிலும் கடலிலும் போகிற கதை, பாட்டுதான் அந்தக் கதையை நகர்த்துகிறது. 'கண்ணழகா'வை வெட்டிவிட்டாலும் '3' படத்தின் கதை நிற்கும். எல்சாவின் பாட்டை வெட்டினால் படம் அங்கேயே நின்றுவிடும். அப்படி ஒரு இடம் தமிழில் அவருக்குக் கிடைத்தது இடினா மென்சலுக்காக எழுதின பாட்டில், அவர் முகம் தெரியாத ஒரு படத்தில்.

2020 பிப்ரவரி ஆஸ்கர் மேடையில் இந்தப் பாட்டை இடினா மென்சலோடு வேற வேற மொழி எல்சாக்கள் ஒன்பது பேர் பாடினார்கள். ஜப்பானிய எல்சாவான தாகாகோ மாட்சுவும் அதில் ஒருத்தர். அவரும் பல வருசமாக நடிகை, பாடகி ரெண்டுமாக இருக்கிறவர். டேனிஷ், தாய், போலிஷ் எல்லாம் இருந்தது. இந்திய மொழி ஒன்றுகூட இல்லை. அதற்காக வருத்தப்பட்டுக் கொடி பிடிக்கப் போவதில்லை. ஆனால் அந்த மேடையில் ஒவ்வொரு மொழிக் குரலுக்கும் ஒரு முகம் கிடைத்தது. நம்ம மொழிக் குரல் முகமில்லாமலேயே இருந்துவிட்டது.

மிச்சக் கால்வாசி

முக்கால்வாசி என்று ஆரம்பத்தில் சொன்னேன். மிச்சத்தையும் சொல்லிவிடணும்.

முதல் விசயம், வீடு. 'உன்னைப்போல் ஒருவன்' கமல் ஹாசனின் ராஜ்கமல் தயாரிப்பில் வந்த படம். 2024-இல் ஸ்ருதி இசையமைத்து, லோகேஷ் கனகராஜோடு நடித்த 'இனிமேல்' பாட்டை எழுதியது கமல், வெளியிட்டது அதே ராஜ்கமல். 2025-இல் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் அவர் பாடிய 'விண்வெளி நாயகா'வும் அப்பா நடித்த 'தக் லைஃப்' படத்தில்தான். 23 வயசில் ஒரு பெரிய படத்துக்கு இசையமைக்கிற வாய்ப்பு, பாட்டுப் படிக்கிற எந்தத் திருப்பூர்ப் பொண்ணுக்கும் வராது. இதை மறைத்துவிட்டு அவருக்காக வாதாடினால் அது விமர்சனம் இல்லை, விளம்பரம். ஆனால் அதே உண்மையை இந்தப் பக்கம் இருந்தும் பாருங்கள். அவ்வளவு பெரிய வீட்டுப் பிள்ளைக்கே இசையமைப்பாளர் கதவு அப்பா வீட்டில்தான் திறக்கிறது. 2002-இல் 'மித்ர் மை பிரெண்ட்' படத்துக்கு இசையமைத்த பவதாரிணிக்கு அப்பா இளையராஜா, தேசிய விருது வாங்கின பாடகி. அவர் பேரையும் இசையமைப்பாளர் வரிசையில் நாம் அபூர்வமாகத்தான் சொன்னோம். வீடு இருக்கிறவர்களுக்கே இந்த நிலைமை என்றால் இல்லாதவர்கள் கதையை யோசித்துக்கொள்ளுங்கள்.

ரெண்டாவது, அவர் தேர்வு. 'கப்பர் சிங்' வெற்றிக்குப் பிறகு பெரிய ஹீரோ படங்களாகவே எடுத்துக்கொண்டது அவர்தான். 'சலார்', 'கூலி' வரைக்கும் அந்தப் பாதைதான். யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. சம்பாதிப்பது தப்பில்லை. ஆனால் 2009-க்கும் 2020-க்கும் நடுவில் தன் பேரில் ஒரு முழுத் தமிழ் ஆல்பம் போட்டிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலையில்லாமல் போயிருக்கும். சொந்தப் பாட்டு என்று வரும்போது அவர் முதலில் ஆங்கிலத்துக்குத்தான் போனார். 'எட்ஜ்' பாட்டில் எழுத்தும் குரலும் அவருடையதே, நேர்மையான பாட்டு. எங்க செக்கிங் டேபிளுக்கு அது வரவே இல்லை. எஃப்.எம்.மில் வராத பாட்டு இந்த ஊரில் பாட்டே இல்லை.

மூணாவது, நடிப்பு. வசனம் பேசும்போது சில படங்களில் அவர் தமிழ் ஒட்டாமல் நிற்கிறது. '7ஆம் அறிவு' படத்தில் ஆவேசமாகப் பேசுகிற இடங்களில் எனக்கு அப்படித்தான் இருந்தது, இப்போது பார்த்தாலும் அப்படித்தான் இருக்கு. ஆனால் எல்சாவாகப் பேசும்போது அந்த ஒட்டாத தன்மையே பொருந்துகிறது. அரண்மனையில் இருந்துகொண்டே அங்கே சேராத பெண் எல்சா.

கடைசியாக ஒண்ணு

இப்போது ஜப்பானிய அனிமே படங்களும் தொடர்களும் தமிழ் டப்பிங்கில் வர ஆரம்பித்துவிட்டன. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' படம் தியேட்டருக்கே தமிழில் வந்தது. எங்க யூனிட்டில் பிரிண்டிங் பசங்க அதைப் பற்றித்தான் ஒரு வாரம் பேசினார்கள். வசனம் தமிழில் வருகிறது. தொடர்களின் தொடக்கப் பாட்டு ஜப்பானிய மொழியிலேயே ஓடுகிறது. பசங்க அதை அர்த்தம் தெரியாமலே மனப்பாடமாகப் பாடுகிறார்கள். அந்த ஒன்றரை நிமிசத்துக்குத் தமிழில் ராக் பாட ஒரு பெண் வேணும் என்று யாருக்காவது தோன்றினால் ஸ்ருதியிடம் போகலாம். இல்லை, பேர் தெரியாத ஒரு பொண்ணைக் கண்டுபிடித்தால் இன்னும் நல்லது. அட்டையில் அவள் பேரைப் போடுங்கள், அது போதும்.

நான் பழைய குறிப்பை அழிக்கவில்லை. அந்த வரிக்குக் கீழே இந்தப் பதிவின் சுட்டியைக் கொடுத்திருக்கிறேன்.

போன ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். "எல்சா வேற பாட்டும் பாடியிருக்கு, கேக்கிறயா?" என்று கேட்டு 'கண்ணழகா'வைப் போட்டுக் காட்டினேன். டீ-ஷர்ட்டில் எல்சா முகம், வாயில் முறுக்கு. பொறுமையாக முழுசும் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா இதுல எல்சா கொஞ்சந்தான் பாடறா."